பிள்ளையை ஏற்றி அனுப்பிய படகு

அன்று நான் செய்தது சரியா, பிழையா? எட்டு மாதம் ஆகிறது. இதைக் கேட்டவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். எனக்கோ காலையில் சரியென்று படுவது, சோறு வடிக்கும் நேரத்தில் பிழையாகத் தெரிகிறது.

போன ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் நடந்தது. நாங்கள் இருப்பது கலவானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். கணவர் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அவருடைய தங்கை கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்தாள். எங்காவது போவோம் என்று ஆரம்பித்தது அவள்தான். பலாங்கொடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது, அங்கே கயாக் என்கிற சின்னப் படகை வாடகைக்குத் தருகிறார்கள், நாமே துடுப்புப் போட்டுப் போகலாம் என்றாள். கணவர், நாத்தனார், நான், ஆறு வயது மகள், நான்கு பேரும் விடியற்காலையிலேயே வேனில் புறப்பட்டோம்.

படகு தருகிற இடத்தில் கையால் வரைந்த ஒரு படம் கொடுத்தார்கள். நீலக் கோடு தண்ணீரில் போகும் வழி. சிவப்புக் கோடு கரையோரமாக நடக்கும் வழி. இரண்டும் தண்ணீருக்குள் நீண்டு கிடக்கும் ஒரு மேட்டில் போய்ச் சேரும். அங்கே சமைத்துச் சாப்பிட இடம் உண்டு. படகில் முக்கால் மணித்தியாலம், நடந்தால் ஒரு மணித்தியாலம்.

மகள் அப்பாவோடு படகில்தான் போவேன் என்று குதித்தாள். அவள் அளவுக்கு மிதவைச் சட்டை கூட இருந்தது. கூட்டிப் போகவா என்று கணவர் கேட்டார். நான்தான் விடவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது. நாத்தனார் சிரித்தாள். "அண்ணி பீலிக் குழாயில தண்ணி கொஞ்சம் வேகமா வந்தாலே தள்ளி நின்னு குளிக்கிற ஆளு. அவங்ககிட்ட போய் கேக்குறீங்களே." நடந்து போனால் விழுந்தாலும் மண்ணில்தானே விழுவாள் என்று சொல்லி நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மகளுக்கு இழுப்பு உண்டு. தூசி பட்டாலோ, அதிகம் ஓடினாலோ வந்துவிடும். மூச்சுக்கு அடிக்கிற பம்ப் இல்லாமல் நாங்கள் கடைக்குக்கூடப் போவதில்லை. ஆனால் மூன்று மாதமாக இழுப்பு வரவில்லை. பம்ப், கிளினிக் அட்டை, மாற்றுடுப்பு எல்லாம் ஒரே பையில் இருந்தன. வழியில் பிள்ளையைத் தூக்க வேண்டி வரும், பாரம் எதற்கு என்று கணவர் பையைப் படகில் வைக்கச் சொன்னார். வைத்தேன். திரும்ப எடுத்தேன். ஒரு மணித்தியாலம்தானே என்று மறுபடியும் வைத்தேன்.

கணவரும் நாத்தனாரும் படகில் கிளம்பினார்கள், நானும் மகளும் நடந்தோம். அரை மணி நேரம் எல்லாம் சரியாகத்தான் போனது. சிவப்புக் கோட்டின்படி நாங்கள் மேலே ஏறி, புதருக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் கீழ்ப்பக்கமாக இன்னொரு வழி தெரிந்தது. அகலமான ரோடு. ஓரத்தில் கல் கட்டியிருந்தது, ஒரு சின்னப் பாலம் கூட இருந்தது. படத்தில் அது இல்லை. படம் வரைந்தவர் விட்டுவிட்டார் போல என்று நினைத்தேன்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கல் கட்டிய ரோட்டின் மேல் ஒரு நம்பிக்கை. எங்கள் மலையில் எந்த ரோட்டைப் பிடித்தாலும் அது ஆட்கள் குடியிருக்கும் ஒரு லயத்திலோ, கொழுந்து நிறுக்கிற மடுவத்திலோ, தொழிற்சாலையிலோதான் போய் முடியும். ஆள் இல்லாத இடத்துக்கு யார் ரோடு போடப் போகிறார்கள்? புதருக்குள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதை விட இது பாதுகாப்பு என்று இறங்கினேன். மகள் இறக்கத்தில் தூசி கிளப்பிக்கொண்டு ஓடினாள்.

அந்த ரோடு தண்ணீருக்குள் போனது. ஒரு வளைவு திரும்பினோம், அவ்வளவுதான், கல் கட்டோடு அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. தண்ணீருக்கு நடுவே பட்ட மரங்கள் நின்றன. நீர்த்தேக்கம் கட்டுவதற்கு முன்பு அங்கே இருந்த ஊரின் ரோடு அது, வறட்சியில் தண்ணீர் வற்றும்போது மட்டும் கொஞ்ச தூரம் வெளியே தெரியும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். எதிர்ப்பக்கம், தண்ணீருக்கு அப்பால், நாங்கள் போக வேண்டிய மேடு தெரிந்தது. கரையில் இழுத்துப் போட்ட எங்கள் செம்மஞ்சள் படகு விரல் நீளத்தில் தெரிந்தது. கத்திப் பார்த்தேன். காற்று எதிர்ப்பக்கமிருந்து அடித்தது. போனில் சிக்னல் இல்லை.

திரும்பி ஏறத் தொடங்கிய பத்தாவது நிமிடம் மகள் நின்றுவிட்டாள். "அம்மா, நெஞ்சு இறுக்குதும்மா."

தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் ஏறினேன். அவள் மூச்சு விசில் மாதிரிச் சத்தம் போட்டது. தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போட்டன. பம்ப் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஏறினால் இழுப்பு கூடுமா, நின்றால் கூடுமா? என்ன செய்கிறேன் என்று தெரியாமலேயே மறுபடி தண்ணீர்ப் பக்கம் இறங்கினேன். படகு கண்ணில் படுகிற இடத்தில் இருந்தால் போதும் என்று தோன்றியது.

பட்ட மரங்களுக்கு இடையிலிருந்து ஒரு மீன்பிடி வள்ளம் வந்தது. ஒடுக்கமானது. உள்ளே ஈர வலை குவிந்து கிடந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களக்காரர் ஒருவர் தனியாக இருந்தார். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும், ஆனால் அன்று பாதி வார்த்தைகள் தமிழில் வந்தன. அவர் பிள்ளையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். நடந்து போனால் இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஏற்றம், தண்ணீரில் கால் மணித்தியாலம் என்றார். நானும் ஏறப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். இந்தக் காற்றில் பெரியவர் இரண்டு பேர் ஏறினால் பக்கத்தால் தண்ணீர் உள்ளே வரும், முதலில் பிள்ளை, பிறகு வந்து உன்னைக் கூட்டிப் போகிறேன் என்றார்.

நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் அவசரப்படுத்தவில்லை, ஒரே ஒரு தடவை சிங்களத்தில் சொன்னார்: "அனுப்புறதுன்னா இப்ப அனுப்பு, தங்கச்சி. காத்து கூடினா எனக்கும் போக ஏலாது."

வள்ளத்தில் மிதவைச் சட்டை இல்லை. வலையில் கட்டியிருந்த வெற்று பிளாஸ்டிக் கேன் இரண்டை அவிழ்த்து, வலைக் கயிற்றால் மகளின் நெஞ்சோடு தளர்வாகக் கட்டினார். முன்பின் தெரியாத ஒரு மனிதர் என் பிள்ளையைக் கயிற்றால் கட்டுகிறார், நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"நீங்க வரலையா?" என்று மகள் இரண்டு மூச்சுக்கு நடுவில் கேட்டாள்.

"அப்பாகிட்டதான் போற. மாமா கூட்டிட்டுப் போவாரு. சொல்றத கேட்டு அப்படியே உக்காரு."

வள்ளம் மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. மறைந்த பிறகுதான் ஒவ்வொன்றாக மண்டைக்குள் வந்தது. அவர் பெயரைக் கேட்கவில்லை. ஊரைக் கேட்கவில்லை. வள்ளத்தில் ஏதும் எழுதியிருந்ததா என்று பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் என்னை அந்தக் கல் கட்டில் உட்கார வைத்தது: பிள்ளையை எதற்கு அனுப்பினேன்? அவரை மட்டும் அனுப்பி பம்பை எடுத்து வரச் சொல்லியிருக்கலாமே. பிள்ளை என் மடியிலேயே இருந்திருப்பாளே. எழுந்து நின்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

எதிர்க் கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செம்மஞ்சள் படகுக்குப் பக்கத்தில் ஏதோ அசைந்தது போலவும் இருந்தது, அசையாதது போலவும் இருந்தது. கும்பிட்டுக்கொண்டு நின்றேனா, வெறுமனே நின்றேனா என்பதுகூட இப்போது நினைவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து முதலில் தெரிந்தது செம்மஞ்சள் படகு. கணவர் தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார், அவருக்குக் கொஞ்சம் முன்னால் அந்த வள்ளம். தூரத்திலேயே கணவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். கிட்ட வந்ததும், பம்ப் அடித்துச் சரியாகிவிட்டது, தங்கை மடியில் படுத்திருக்கிறாள் என்றார். மீன்காரர் கரைக்கு வரவில்லை. எனக்கு ஆள் வந்துவிட்டது என்று கண்டதும் அங்கிருந்தே கையை அசைத்துவிட்டு வலை போட்ட பக்கம் திரும்பிவிட்டார். நன்றி என்று நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது.

கணவர் மிதவைச் சட்டையை என் கழுத்தில் மாட்டிக்கொண்டே கேட்டார்: "யாரு எவருன்னு கேட்டியா? பம்ப கொண்டு வரச் சொல்லியிருக்கலாமே?"

நாத்தனார் அன்று மாலையே என் பக்கம் பேசினாள். பம்ப் வந்து சேர அரை மணித்தியாலம் ஆகியிருக்கும், பிள்ளை வந்தபோது உதடு நீலம் பூத்திருந்தது, அண்ணி செய்ததுதான் சரி என்றாள். அதற்குக் கணவர், வள்ளம் கவிழ்ந்திருந்தால் அப்போதும் இப்படித்தான் பேசுவாயா என்று கேட்டார். கிளினிக்கில் டாக்டரிடம் கேட்டேன். அவர் இரண்டையும் சொல்லவில்லை. பம்ப் பிள்ளையை விட்டுப் பிரியவே கூடாது என்று மட்டும் சொன்னார். இப்போது அது அவள் கழுத்தில் ஒரு சின்னப் பையில் தொங்குகிறது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன மாதம் மழை அதிகம் என்று பாடசாலையை நேரத்தோடு விட்டுவிட்டார்கள். நான் குடையோடு ஓடினேன். கேட்டில் மகள் இல்லை. திரும்பி ஓடி வந்தால், நாங்கள் முன்பின் பார்த்திராத ஒருவரின் ஓட்டோவிலிருந்து வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டிருக்கிறாள். அவர் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையைக் கூட்டிப் போக வந்தவர். மழையில் தனியாக நின்றாளே என்று இவளையும் ஏற்றியிருக்கிறார். நல்ல மனிதர்.

தெரியாத ஆளோடு ஏன் ஏறினாய் என்று உள்ளே கூட்டிப் போய்க் கேட்டேன். மகளுக்கு என் கோபமே புரியவில்லை.

"அந்த மாமா நல்லவரு மாதிரி இருந்தாரும்மா. நீங்களும் அன்னைக்குப் பார்த்துட்டுதானே என்னை அனுப்புனீங்க?"

உண்மையைச் சொன்னால், அன்று நான் அந்த மனிதரின் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. வள்ளத்தில் ஓட்டை இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? யாரையும் நம்பாதே என்று சொன்னால், ஒருவரை நம்பியதால் மூச்சு திரும்பிய பிள்ளையிடம் பொய் சொன்னதாகிவிடும். பார்த்து நம்பு என்று சொன்னால், எதைப் பார்க்க வேண்டும் என்று அடுத்த கேள்வி வரும். பிறகு சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் மறக்கவில்லை, இரண்டு தடவை திரும்பக் கேட்டுவிட்டாள். பிள்ளை வளர்க்கிற வாசகர்கள் இதைப் படித்தால், ஆறு வயதுக்குப் புரிகிற மாதிரி நான் அவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தயவுசெய்து எழுதுங்கள்.