குணம் அண்ணை ஓட்டிய லொறி

குணம் அண்ணை இன்று காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். அவருடைய மகள்தான் போன் பண்ணிச் சொன்னாள்.

பலருக்கு அவரை ஸ்கூல் பஸ் டிரைவராகத்தான் தெரியும். எனக்கு அதற்கு முன்னாலேயே தெரியும்... 86இல் ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் ஒரு அப்பார்ட்மென்டில் நாலு பேர் இருந்தோம். நானும் அவரும் அஜின்கோர்ட்டில் ஒரு பிளாஸ்டிக் ஃபாக்டரியில் ஒரே லைனில் வேலை.

அவர் மட்டக்களப்பு, நான் யாழ்ப்பாணம். 'பிறகு' என்பதற்கு அவர் "மறுகா" என்று தொடங்கினால் நான் சிரிப்பேன். என்னுடைய "உவன்", "உது" எல்லாவற்றையும் அவர் அப்படியே பேசிக் காட்டுவார்.

ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டால் மட்டும் "சும்மா ஒரு வேலை" என்பார். அதோடு கதை முடிந்துவிடும்.

88இல் கனடாவில் இருக்கிறதுக்கான எங்கள் பேப்பர்கள் சரிவந்தன. அவுஸ்திரேலியாவில் டார்வினில் இருந்த தங்கச்சி அவரை வரச்சொன்னா. தனக்கு இங்கிலிஷ் போதாது, நீயும் வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

போய் இறங்கினால், தங்கச்சியின் கணவர் எங்கள் இருவருக்கும் ஆறு நாள் கேம்பிங் டூர் புக் பண்ணி வைத்திருந்தார். பின்னால் சீட் போட்ட பெரிய லொறி. பல நாட்டுக்காரர் பதினொரு பேர். பீற்றர் என்ற கைட்தான் டிரைவரும்.

முதல் இரண்டு நாளும் ஆள் உயரக் கறையான் புற்றுகள், நீர்வீழ்ச்சிகள், நுளம்பு. மூன்றாம் நாள் ககாடு என்ற பெரிய காட்டுப் பார்க்குக்குள் போனோம். அன்று அண்ணை தங்கச்சி கட்டித்தந்த கறித்தூளைப் போட்டு எல்லாருக்கும் ரின் மீன் கறி வைத்தார். மெல்பேர்னில் இருந்து வந்த ஒரு வயதான அம்மா மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டா.

நாலாம் நாள் மத்தியானம் ஒரு பள்ளத்தாக்குக்குள் பாறைகளில் ஏறிப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் போன பீற்றர் வழுக்கி விழுந்தார். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து, பாதம் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

தூக்கிக்கொண்டு வந்து லொறியில் கிடத்தினோம். லொறியில் இருந்த றேடியோ எடுபடவில்லை. அந்தக் காலத்தில் செல்போன் ஏது...

கிளினிக் இருந்த ஊருக்கு மூன்று மணித்தியாலப் பாதை. பாதி மணல், நடுவில் ஒரு ஆறு. ஒரு ஜெர்மன் பிள்ளை ஓட்டிப் பார்த்தாள். கியர் விழவில்லை, லொறி மணலில் நின்றுவிட்டது. பீற்றரின் பாதம் நீலமாகிக்கொண்டு வந்தது.

அண்ணை லொறியைச் சுற்றி வந்து ரயர்களைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நான் எடுக்கிறன். நீ முன்னுக்கு ஏறி வாய் மூடாமக் கதைச்சுக்கொண்டு வா."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"என்னத்தையாவது. என்னை யோசிக்க விடாத."

ஏறி இருந்தார். மூன்று தரம் முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்து மணலில் இருந்து லொறியை வெளியே கொண்டுவந்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். "கதை" என்றார்.

ஃபாக்டரி சூப்பர்வைசரைப் பற்றிக் கதைத்தேன். அப்பார்ட்மென்ட் லிஃப்டைப் பற்றிக் கதைத்தேன். ஒன்றும் மிச்சமில்லாமல் போக, கென்னடி ரோட் பஸ் நிற்கிற இடங்களைச் சொல்லத் தொடங்கினேன். ஃபிஞ்ச், ஷெப்பர்ட், எலஸ்மியர், லோரன்ஸ்... திரும்பவும் ஃபிஞ்ச்.

ஆற்றில் முதலை இருக்கிறது, இறங்கி ஆழம் பார்க்கக்கூடாது என்று பீற்றர் காலையிலேயே சொல்லியிருந்தார். அண்ணை தண்ணீரில் இருந்து தள்ளி நிறுத்தி, காலையில் வந்த ரயர் அடையாளத்தை மட்டும் பார்த்தார். சின்னக் கியரில் போட்டு, ஒரே வேகத்தில் இறக்கினார். தண்ணீர் கதவுக்குள் வந்தது. கியரில் அவர் கை போகவேயில்லை.

அக்கரையில் ஏறியதும் பின்னால் எல்லாரும் கை தட்டினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் சாய முதல் கிளினிக்குக்குப் போய்விட்டோம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பாதத்தை எடுக்கவேண்டி வந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். அதை அண்ணைக்குத் தமிழில் சொன்னேன். தலையாட்டினார்.

வெளியே படியில் இருந்தபோதுதான் அண்ணை சொன்னார்.

"கொழும்பு பஸ் ஓடினனான். எண்பத்துமூண்டு யூலைக் கலவரத்தில காடையர் வழியில மறிச்சாங்கள். கண்டக்டர் சிங்களப் பொடியன், என்னைத் தன்ர அண்ணன் எண்டு சொல்லிப்போட்டான். பின் சீட்டில இருந்த ரெண்டு தமிழ் ஆக்களை இறக்கினாங்கள்."

நான் அவருக்குக் கிட்ட நகர்ந்து இருந்தேன்.

"மற்ற ஆக்களோட நான் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போயிட்டன். அதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் ஸ்ரியரிங்கைத் தொட்டிருக்கிறன்."

 போய் ரீ வாங்கிவந்து கொடுத்தேன். குடித்தார்.

அடுத்த நாள் வேறொரு கைட் வந்தார். மிச்ச இரண்டு நாளும் அண்ணை எல்லாரையும் போலப் பின்னால் இருந்து வந்தார். தங்கச்சி வீட்டில் இதைப் பற்றி மூச்சும் விடவில்லை.

ரொறன்ரோவுக்குத் திரும்பி அடுத்த வருடம் லைசன்ஸ் எடுத்தார். பிறகு ஸ்கூல் பஸ். இறங்குகிற இடத்தில் தாய் தகப்பன் வந்து நிற்காவிட்டால் பிள்ளையை இறக்கமாட்டார், எவ்வளவு நேரமானாலும். பஸ் பிந்துகிறது என்று அடிக்கடி கம்ப்ளெயின்ட் வரும். ஒரு தரம் வோர்னிங் லெட்டரும் வந்தது. "தரட்டும்" என்றார்.

இன்று பின்னேரம் அவருடைய வீட்டுக்குப் போனேன். மகள் ஒரு பழைய போட்டோவை எடுத்து வைத்திருந்தாள். அந்த ஜெர்மன் பிள்ளை அனுப்பியது. அண்ணை லொறியின் டிரைவர் சீட்டில், முகமெல்லாம் செம்மண்.

"அங்கிள், இது யாருடைய ட்ரக்? அப்பா அவுஸ்திரேலியாவில வேலை செய்தவரா?"

அவளுக்கு ஒன்றுமே தெரியாது. முப்பது வருடத்துக்கு மேலாக அவர் சொல்லவில்லை. எழுதித் தாறன் பிள்ளை என்று சொல்லிவிட்டு வந்தேன். யூனியன்வில்லில் என் வீட்டு டிரைவ்வேயில், காருக்குள் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை அண்ணையைப் பார்வைக்கு வைக்கிறார்கள். தெரிந்தவர்கள் வாருங்கள்.

அண்ணை, உங்களைக் கேட்காமல் சொல்லிப்போட்டன். கோவிக்காதேங்கோ.