நிசார் பாயின் பென்சில் குறிப்புகள்

நூலகப் புத்தகத்தில் கிறுக்குபவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பாப்பாரப்பட்டி நூலகத்தில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். இதற்காகப் பலரிடம் சண்டை போட்டிருக்கிறேன். நிசார் அகமது பாயிடம் மட்டும் என் ஜம்பம் பலிக்கவில்லை. கடைவீதியில் செருப்புக் கடை வைத்திருந்த அவர், நாவலைத் திருப்பித் தரும்போது கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதித்தான் தருவார். ஒரு துப்பறியும் நாவலில், 'கொலைகாரன் யாருன்னு இருபதாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு. மீதி இருநூறு பக்கம் போலீசுக்காகப் படிச்சேன்' என்று எழுதியிருந்தார். மற்றவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் புத்தகமே எடுத்தார்கள். நானும் ரப்பரை மேசைக்குள் போட்டுவிட்டேன்.

போன ஆடியில் சர்க்கரை அவர் கண்ணில் கைவைத்தது. இடது கண் போயிற்று. வலதும் சில மாதம்தான் என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பாய் வெறி பிடித்தவர் மாதிரி படித்தார். சரித்திரம், பேய், காதல், விண்வெளி, எதையும் விடவில்லை. முடிவு தெரியாமலே கண் போய்விடுமோ என்று பயந்து, கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவார். குறிப்புகளும் மாறின. ஓர் அரசர் கதையில், 'சண்டை மட்டும் தொண்ணூறு பக்கம். ராஜாவுக்கு நேரம் இருக்குது, எனக்கு இல்லை.' பேய்க் கதையில், 'பேய்க்குப் பயமில்லை. பக்கத்துக்கு நடுவுல நிக்கிற கறுப்புக்குத்தான் பயம்.' ஒரு குடும்ப நாவலில் எழுத்து கோணிக்கொண்டு ஓரம் வரை ஓடியிருந்தது: 'இந்தப் பொம்பளை புருசனை மன்னிச்சது தப்பு.' எந்தப் புருசனைச் சொல்கிறார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

தை பிறந்ததும் அவர் வரவு நின்றது. ஒரு விடுமுறை நாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் வெயிலில் நாற்காலி போட்டு, நாவலை மூக்கருகே பிடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தார். நான் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

"நான் படிச்சுக் காட்டறேன் பாய்" என்றேன்.

"வாரத்துக்கு ஒருநாள் நீ வருவ, பூபதி. மீதி ஆறு நாள் நான் என்ன பண்றது? பெங்களூர்ல இருந்து மக போன்ல கதை கேளுங்கறா. கேட்டேன். ஸ்டேசன்ல ரயில் வர்றதைச் சொல்ற மாதிரி சொல்லுது."

"அக்கா படிக்க மாட்டாங்களா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

அவர் மனைவி அஸ்கரி பேகம்தான் உள்ளேயிருந்து பதில் சொன்னார். "எனக்கு உருதுதான் தம்பி படிக்கத் தெரியும். கல்யாணமான புதுசுல தமிழ் எழுத்து சொல்லிக் குடுங்கன்னு கேட்டேன். வூட்ல பேசறது உருது, உனக்கெதுக்கு தமிழ் எழுத்துன்னுட்டாரு."

முப்பத்தோரு வருடத்துக்கு முந்தைய பேச்சு. அக்கா குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். "ஊர்ல இருக்கிற கதையெல்லாம் படிச்சேன். எதுத்தாப்ல உக்காந்திருந்தவளுக்கு ஒரு எழுத்து சொல்லிக் குடுக்கலை. எனக்கு இது வேணும், பூபதி." சொல்லிவிட்டு, மறைக்காமல் அழுதார்.

அஸ்கரி அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நாற்காலி ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, பாய் மடியிலிருந்த நாவலைப் பிரித்தார். முதல் வரியில் விரலை வைத்தார்.

"அழுதது போதுங்க. இப்ப சொல்லிக் குடுங்க. இது என்ன எழுத்து?"

பாய் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். புத்தகத்தை வெயில் பக்கம் திருப்பினார். தலையைச் சாய்த்தார், மறுபடி சாய்த்தார்.

"உன் வெரல் தெரியுது அஸ்கரி" என்றார் கடைசியில். "எழுத்து தெரியலையே."