எல்லா அம்மாவுக்கும் ஒரே பட்டுப்புடவை

பொங்கல் என்றால் ஊருக்கெல்லாம் கரும்பு ஞாபகம் வரும். எனக்கு அவசர ஆர்டர்தான் ஞாபகம் வரும். போகியன்று சாயங்காலம், செத்துப்போனவர்கள் படத்துக்கு முன்னால் புதுத்துணி வைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தப் படம் வேண்டுமென்று வருஷம் முழுக்க ஒருத்தருக்கும் உறைக்காது. கம்பெனியில் லீவு கிடைத்த பிறகுதான் உறைக்கும். படப்பையில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து படம் வரைகிற என் போனில், ஷிப்ட் விடும் நேரமெல்லாம் ‘அர்ஜென்ட் சிஸ்டர்’ என்று வந்து குவியும். கூடவே மங்கலாய் ஒரு போட்டோ. அம்மாவைக் கொஞ்சம் சிவப்பாக்க வேண்டுமாம், கழுத்தில் செயின் போட வேண்டுமாம், தூக்கின பல்லை உள்ளே தள்ள வேண்டுமாம். செத்தவர்களைக்கூட இருந்தபடி இருக்க விடமாட்டார்கள்.

அவசரத்துக்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். கழுத்துக்குக் கீழே எல்லா அம்மாவுக்கும் ஒரே உடம்பு. அதே அரக்குப் பட்டு, அதே ஜரிகை, உதடு மூடின அதே சிரிப்பு. ஒரகடம் வரைக்கும் எத்தனை வீட்டுச் சுவரில் அந்தப் புடவை தொங்குகிறதோ! இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

இந்த வருஷம் எங்கள் வீட்டிலும் படையல். அம்மா போனதால் போன வருஷம் பண்டிகை இல்லை. இதுதான் அவளுக்கு முதல் படையல். உருப்படியாக அவளுக்கு ஒரு போட்டோ கிடையாது. தெத்துப்பல்லுக்கு வெட்கப்பட்டு, கேமராவைக் கண்டாலே முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். ஆதாரில் இருப்பது யாரோ பயந்துபோன பொம்பளை. கார்த்திகையில் திவசம் முடிந்த அன்றே, நீயே வரைந்துவிடு, உனக்குத் தெரியாத முகமா என்று அப்பா சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸ் ஆர்டர் முடியட்டும் என்றேன். அப்புறம் நியூ இயர். கடைசியில் போகி அன்று காலையை அம்மாவுக்கென்று ஒதுக்கி, போனை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

போன் கிடைக்காததால் ஆளே வந்துவிட்டாள். ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் தங்கி கம்பெனிக்குப் போகிற தெக்கத்திப் பெண். தோளில் பை, சாயங்காலம் ஊருக்கு பஸ். அவர்கள் பக்கம் படையல் பொங்கலன்றுதானாம். அவள் அம்மா படம் வேண்டுமாம். முடியாது என்றேன். கத்தவே கத்தினேன். அவள் வாசலை விட்டு நகரவில்லை.

“படமும் இல்லாம போனா, வீட்ல எனக்கு யாரு இருக்காக்கா?”

அவள் நீட்டிய போட்டோவைப் பார்த்து வரைந்தேன். அதே உடம்பு, அதே புடவை. படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“எங்கம்மா பட்டே கட்டுனதில்லக்கா. இப்பவாச்சும் கட்டட்டும்.”

அழுதுகொண்டே போனாள். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அம்மாவுக்கு மிஞ்சியது மத்தியானம்தான். உட்கார்ந்ததும் கை தன்பாட்டில் ஓடியது, அதே அரக்குப் பட்டு. உதடு மூடிக்கொண்டது. அழித்தேன். மறுபடி போட்டாலும் மூடிக்கொண்டது. வாயைத் திறந்து பல்லைப் போட்டுவிடலாம் என்று பார்த்தால், அந்தத் தெத்துப்பல் இடது பக்கமா வலது பக்கமா? எனக்குத் தெரியவில்லை. பெற்ற அம்மாவின் பல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பின்கட்டில் இருந்த அப்பாவைக் கேட்டிருக்கலாம். எந்த வாயால் கேட்பது? உதட்டை மூடியே முடித்து, பிரேம் போட்டு, விளக்கு மாடத்துக்குக் கீழே சாத்திவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அப்பா விளக்கேற்றி, இலை போட்டிருந்தார். அம்மா கட்டுகிற மாதிரி பூப்போட்ட நூல் புடவை ஒன்று அவர் கையில் இருந்தது. குனிந்து படத்தைப் பார்த்தார். துண்டால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு, புகை படாமலிருக்க, அதைத் தூக்கி வாசல் பக்கமாகப் பத்திரமாகச் சாத்தினார்.

“இது யாரு ஆர்டரும்மா? இன்னும் வந்து வாங்கிக்கல? படைக்கிற நேரமாச்சே, அவங்க வூட்ல காத்துக்கினு இருப்பாங்க, பாவம்.”

“வந்துடுவாங்கப்பா” என்றேன்.

அப்பா வெறும் விளக்குக்கு முன்னால் புடவையை வைத்தார்.