கேன்வாஸ் வண்டியில் கேட்ட கேள்வி

பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் பத்தொன்பது வருடமாக வேன் ஓட்டுகிறேன். ஐந்தாவது வரை படித்தவன். புதிதாக வேலைக்கு வரும் டிரைவர் தம்பிகளிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

1. கேன்வாஸ்

பத்தாவது ரிசல்ட் வந்ததும் பள்ளி வேன்கள் ஊர் ஊராகப் போகும். ஒரு சார், ஒரு டிரைவர், ஒரு கட்டு நோட்டீஸ். பிளஸ் ஒன்னுக்குப் பிள்ளை சேர்ப்பதற்குப் பெயர்தான் கேன்வாஸ். சார் பேசும்போது பெற்றோர் தலையாட்டுவார்கள். அவர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும் வேன் பக்கம் வந்து, "நெசத்தச் சொல்லுங்கண்ணே, ஸ்கூலு எப்புடி?" என்று டிரைவரைக் கேட்பார்கள்.

பள்ளிக்கும் இது தெரியும். நாலு வருடம் முன்னால், கேன்வாஸ் முதல் நாள் காலையிலேயே கரஸ்பாண்டன்ட் எங்களை வரிசையாக நிற்க வைத்தார்.

"சார்கிட்ட தலைய ஆட்டிட்டு உங்ககிட்டத்தான் வந்து கேப்பாங்க. நல்ல ஸ்கூல்னு மட்டும் சொல்லுங்க. கவர்மென்ட் ஸ்கூல் கோட்டா பத்தி எவனாவது கேட்டா, தெரியாது. அவ்வளவுதான். புரியுதா?"

"புரியுதுங்க சார்" என்றோம்.

எனக்கு அந்தக் கோட்டா தெரியும். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு டாக்டர் படிப்பில் தனி இடம் உண்டு. நடுவில் பிளஸ் ஒன்னுக்கு எங்கள் பள்ளிக்கு வந்துவிட்டால் அது போய்விடும். வேனில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து சார்கள் பேசிக்கொள்வதைக் கேட்டே தெரிந்துகொண்டிருந்தேன்.

2. செட்டிகுளம்

ராமசாமி சின்ன வெங்காயம் போடுகிறவர். நாங்கள் போனபோது களத்தில் உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். மகள் மஞ்சுளா உள்ளூர் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்திருந்தாள். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

சார் நோட்டீஸை விரித்தார். அதில் இரண்டு கட்டம். நார்மல் பேட்ச் என்றால் கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப், பொதுத் தேர்வுக்கு மட்டும் படிப்பு. இன்டகிரேட்டட் பேட்ச் என்றால் கணக்கு கிடையாது, தாவரவியலும் விலங்கியலும், கூடவே தினமும் நீட் கோச்சிங்.

"அப்பா, எனக்கு மேக்ஸ்தாம்பா புடிக்கும்" என்றாள் மஞ்சுளா.

"கணக்கு போட்டு என்னா பண்ணப் போற? வெங்காய மூட்டைய எண்ணப் போறியா? பேசாம ஊசி போடக் கத்துக்க" என்றார் ராமசாமி. சார் சத்தமாகச் சிரித்தார். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ராமசாமி கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, நீங்க அதிகம் பேசாத ஆளாத் தெரியிறீங்க. அதான் கேக்குறேன். கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சா டாக்டருக்குத் தனி சீட்டு இருக்காமே. உங்க ஸ்கூலுக்கு வந்தாலும் அது உண்டுல்ல?"

சார் பக்கத்து வாசலில்தான் நின்றார்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. நான் அஞ்சாவதுதான்" என்றேன். "நல்ல ஸ்கூலுங்க. இன்டகிரேட்டட் புள்ளைங்க வண்டில சத்தமே போடாது."

அவர் அதைப் பெரிய நற்சாட்சியாக எடுத்துக்கொண்டார். மறுநாள் வந்து மகளை இன்டகிரேட்டட் பேட்ச்சில் சேர்த்துவிட்டார்.

3. வேன் கண்ணாடி

நோட்டீஸில் இருந்த வித்தியாசத்தை நான் படித்ததில்லை. வேன் கண்ணாடியில்தான் பார்த்தேன். நார்மல் பேட்ச் நாலரை மணி டிரிப். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை, பாட்டு, நெல்லிக்காய். இன்டகிரேட்டட் பேட்ச் காலை ஆறேகாலுக்கு ஏறி, இரவு ஏழரைக்குத் திரும்பும். உள்ளே மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அதை ஒழுக்கம் என்று நினைத்திருந்தேன். அது தூக்கம்.

மஞ்சுளா எனக்குப் பின் சீட்டில் உட்காருவாள். முதல் சில மாதம் மடியில் ரஃப் நோட்டு வைத்துக் கணக்கு போட்டாள். யாரும் கொடுக்காத கணக்கு. பிறகு நோட்டைக் காணவில்லை. ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்குவாள். செட்டிகுளத்தில் இறங்கும்போது நெற்றியில் கம்பித் தடம் இருக்கும்.

4. டி.சி. வாங்க வந்த நாள்

இரண்டு வருடம் போனது. நீட் ரிசல்ட் வந்து, சீட்டு கொடுக்கும் கவுன்சலிங்கும் முடிந்தது. ராமசாமி மகளோடு டி.சி. வாங்க வந்தார். நான் ஷெட்டில் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன்.

"கெடைக்கலண்ணே. இவ கூடப் பத்தாவது படிச்ச புள்ள பழைய ஸ்கூல்லயே இருந்துச்சு. அதுக்கு இவள விட மார்க்கு கம்மி. அதுக்கு அந்தத் தனி சீட்டுல கெடச்சிருச்சு. சரி, இன்ஜினியரிங்காவது போடுவோம்னு போனா, மேக்ஸ் இல்லாம எப்புடின்னு கேக்குறாங்க."

நான் குழாயை மூடினேன்.

"நீங்க என்னாண்ணே பண்ணுவீங்க. தெரியாதுன்னு அன்னிக்கே சொல்லிட்டீங்க. படிச்சவன் அந்த சாருதான் மறைச்சிட்டாரு" என்றார். என் தோளைத் தட்டிவிட்டு ஆபீஸ் பக்கம் போனார்.

மஞ்சுளா போகவில்லை.

"அண்ணா, வண்டில சாருங்க பேசுறது எனக்கே நல்லாக் கேக்கும். கோட்டா பத்தியும் பேசிருக்காங்க. உங்களுக்கும் கேட்டிருக்கும்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். நான் மறுபடி குழாயைத் திறந்து சக்கரத்தைக் கழுவ ஆரம்பித்தேன். அவள் ஆபீஸ் பக்கம் போய்விட்டாள்.

5. இப்போது

அதற்கடுத்த கேன்வாஸில் சிறுவாச்சூரில் ஒரு அம்மா வேன் பக்கம் வந்தார். அவர் கேட்பதற்குள் நானே கேட்டேன்.

"பாப்பா ஆறாவதுலேருந்து எந்த ஸ்கூலுங்க?"

"கவர்மென்ட்டுதாங்க."

"அப்ப அங்கயே இருக்கட்டும்ங்க. மேக்ஸும் பயாலஜியும் சேந்த குரூப்பா எடுங்க."

இவ்வளவு சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. சார் காதிலும் விழுந்துவிட்டது. இந்த வருடம் எனக்குக் கேன்வாஸ் கிடையாது. ஹாஸ்டலுக்குக் காய்கறி ஏற்றும் வண்டியைக் கொடுத்திருக்கிறார்கள்.

தம்பிகளே, அவர்கள் உங்களைப் பள்ளிக்காரன் என்று நினைத்துக் கேட்பதில்லை. தங்களில் ஒருவன் என்று நினைத்துத்தான் கேட்கிறார்கள். படிக்காதவன் என்று சொல்லித் தப்பிப்பது சுலபம். நம்பிவிடுவார்கள். அப்படிச் சொல்லாதீர்கள்.

மஞ்சுளா இப்போது பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். காலையில் காய்கறி வண்டியில் போகும்போது பஸ் ஸ்டாப்பில் நிற்பதைப் பார்ப்பேன். வண்டியை மெதுவாக்குவேன். இதுவரை நிறுத்தியதில்லை.