வாயடைத்திருந்த மாதங்கள்

ஜப்பான்காரன் ஆட்சியின் கடைசி வருஷம். பினாங்கு ரோட்டில் காவலுக்கு நின்ற சிப்பாய்க்கு நான் குனிந்தது போதவில்லையாம், ஓங்கி அறைந்தான். மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது. மனைவி பக்கத்தில் நின்றாள். மார்க்கெட்டுக்கு வந்த கூட்டம் முழுக்கப் பார்த்தது. துறைமுக ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து, மற்றவர்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்லிப் பழகிய ஆள் நான்.

அன்று முதல் என் பேச்சு குறைந்தது. சில வாரங்களில் அடியோடு நின்றது. பிறகு உடம்பும் நின்றுவிட்டது. யாராவது என் கையைத் தூக்கிவிட்டால் தூக்கிய இடத்திலேயே நிற்கும். பேய் பிடித்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அசைய முடியவில்லை என்று சொல்வதுகூடச் சரியில்லை. அசைந்தால் ஏதோ கேடு வந்துவிடும் என்று உள்ளே ஒரு பயம். படுத்த இடமெல்லாம் ஈரமாகும். அவள்தான் துடைப்பாள், வேட்டி மாற்றுவாள். வெட்கம் பிடுங்கித் தின்னும். முகத்தில் மட்டும் ஒன்றும் வராது.

எனக்குக் காது கேட்கிறது என்று அவளுக்குத் தெரியாது. மரவள்ளிக் கஞ்சியைப் பல்லிடுக்கில் ஊற்றிக்கொண்டே, கட்டையிடம் பேசுவதுபோலப் பேசுவாள்.

"செத்தாவது போயிருங்களேன். நான் புக்கிட் மெர்தாஜாம்ல அண்ணன் வீட்டுல போய்க் கிடக்கிறேன்" என்பாள். உடனே வாயில் அடித்துக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் சொன்னாள்: "அன்னைக்கு அவன் அறைஞ்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. பயத்துலயோ என்னவோ, சிரிச்சுட்டேன். அவனும் என்னைப் பார்த்துச் சிரிச்சான்."

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். கூட வந்த பட்டாளத்து டாக்டர் ஒருவரிடம் பெட்டி மாதிரி ஒரு மெஷின் இருந்தது. தலைக்குக் கரண்ட் வைத்தால் வலிப்பு வரும், அதில் இந்தக் கட்டு விடும் என்று அவளிடம் சொன்னாராம். மயக்க மருந்தெல்லாம் கிடையாது. இரண்டு நெற்றிப்பொட்டிலும் உப்புத்தண்ணீரில் நனைத்த துணி, வாயில் ரப்பர். தோளையும் தொடையையும் ஆட்கள் அமுக்கிப் பிடித்தார்கள். அதற்குமேல் நினைவில்லை. சில தடவை வைத்த பிறகு ஒரு காலையில், "தண்ணி" என்றேனாம்.

அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். ஆட்கள் வெளியே போகும்வரை காத்திருந்தாள்.

"நான் பேசினதெல்லாம் உங்களுக்குக் கேட்டுச்சா?"

"என்ன பேசின?"

"சும்மா, ஏதாவது."

"கரண்ட் வச்சதுல எல்லாம் அழிஞ்சுபோச்சு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த நிம்மதியைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

நிஜமாகவே அழிந்துபோனதும் உண்டு. எங்கள் மூத்த பெண் பிறந்த அன்று நடந்தது துளிகூட ஞாபகமில்லை. மனைவியிடமே கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்து, அன்றைய மழையையும், மருத்துவச்சி வர நேரமானதையும், குழந்தையை வாங்க நான் பயந்ததையும் நிதானமாகச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்கக் கூசி, சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.