மூணு விரல் சாண்ட்விச்

"மூணு விரல் சாண்ட்விச்" என்ற பெயரில் ஈஜோக், செரண்டா என்ற இரண்டு ஊர்களிலும் நான் கடை திறந்ததற்குக் காரணமானவரின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. தோட்டத்து ரப்பர் மெஷினில் ஒரு கையின் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தவர். எண்பதுகளில் கோல சிலாங்கூர் பஸ் நிலையத்தில் சார்டின் மீன் சாண்ட்விச் விற்றார். தரும்போது அந்தக் கையின் மிச்ச விரல்களால் ஒருமுறை அழுத்துவார். ரொட்டியில் மூன்று பள்ளம் விழும். ஜனம் அதைத் தேடி வந்தது. நான் அதைத் திருடிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் அவரே என் கடைக்கு வந்து, பெயர்ப்பலகையை நிதானமாகப் படித்தார். கேஸ் போடுவாரோ, அடிப்பாரோ என்று என் பத்து விரலையும் துணியில் துடைத்துக்கொண்டே நின்றேன். ஓட வழியில்லாமல் அவருக்கே ஒன்று செய்து, பழக்கதோஷத்தில் இரண்டு விரலை மடக்கிக்கொண்டு அழுத்தினேன்.

"மடக்குறது வலிக்குதாண்ணே?" என்றார்.

"பழகிப்போச்சுலா" என்று உளறினேன்.

"எனக்கும்தான்" என்றவர், சாண்ட்விச்சைத் தொடாமலே போய்விட்டார்.