ஓடுவதற்கான வயதுச் சான்று

அரசுப் பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தால் ஒழிய, பணிப்பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியை மாற்ற முடியாது. அதற்குப் பிறகு ஜாதகத்தைக் கொண்டு வந்தாலும் சரி, பிரசவம் பார்த்த மருத்துவச்சியையே கையோடு கூட்டிக்கொண்டு வந்தாலும் சரி, ஒரே பதில்தான்: ‘கோரிக்கையை ஏற்க விதிகளில் இடமில்லை.’ வேலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை பேருக்கு எழுதினேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. கடைசி வருடங்களில் பேனாவே எழுதிவிடும். நான் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

ஓய்வு பெற்ற பிறகும் ஒருமுறை, என் வீட்டுக்குள்ளேயே, அந்த வாக்கியத்தைப் பயன்படுத்தினேன்.

என் மனைவிக்கு ஒரு தங்கை. மூன்று வயது இளையவள். பேரணாம்பட்டுப் பக்கத்தில் விவசாயம் பார்த்த என் மாமனார், பெரியவள் தனியாகப் போக மாட்டேன் என்று அழுததால், சின்னவளுக்கும் பள்ளி வயது வரும்வரை காத்திருந்து, இரண்டு பேரையும் ஒரே நாளில் ஒரே வகுப்பில் சேர்த்தார். சேர்க்கைப் பதிவேட்டில் தலைமையாசிரியர் அக்காவின் பிறந்த தேதியைத் தங்கைக்கும், தங்கையினுடையதை அக்காவுக்கும் எழுதிவிட்டார். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வந்த பிறகுதான் யாரோ கவனித்திருக்கிறார்கள். மாமனார் அதற்குச் சொன்ன தீர்ப்பு எங்கள் குடும்பத்தில் பிரசித்தம்.

“ரெண்டும் எம் பொண்ணுங்கதானே. எந்தத் தேதி எதுங்கிட்ட இருந்தா இன்னா?”

என்ன என்பது நாற்பது வருடம் கழித்துத் தெரிந்தது. அரசுப் பள்ளி ஆசிரியையான தங்கையை, காகிதத்தில் வயது முடிந்துவிட்டது என்று, மூன்று வருடம் முன்னதாகவே மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நூலகரான அக்கா மூன்று வருடம் கூடுதலாக வேலை பார்த்தாள். அந்த இடைவெளியில் அரசு ஓய்வு வயதை இரண்டு முறை உயர்த்தியது. அதையும் அக்காதான் அனுபவித்தாள். ஒரே பந்தியில் ஒருத்திக்குப் பாயசம் இரண்டாம் முறை வருகிறது, இன்னொருத்திக்கு இலையையே எடுத்துவிட்டார்கள்.

தங்கை ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, காகிதங்களோடு ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“மாமா, இந்த ஃபைலெல்லாம் பாத்தவரு நீங்க. எதுனா ஒரு வழி சொல்லுங்க. கிளாஸ் ரூமை வுட்டுட்டு நான் இன்னா பண்ணுவேன்?”

நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். ஒரு எழுத்து குறையாமல். அவள் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “சரி மாமா” என்றாள். அதிலிருந்து பேரணாம்பட்டில் அவள் வீட்டுக்குப் போய், இன்னும் அரை டம்ளர் காபி கிடைக்குமா என்று கேட்டால், “விதிகளில் இடமில்லை மாமா” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். காபி மட்டும் வராது.

என் மனைவி ஓய்வு பெற்றதும் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். எங்கள் தெருப் பெண்களோடு காலையில் நடக்கப் போனாள். அவர்கள் மருமகளைப் பற்றிப் பேச நிற்பார்கள், மூச்சு வாங்க நிற்பார்கள், நின்றதால் கால் வலிக்கிறது என்று உட்காருவார்கள். ஒரு வாரம் பொறுத்தாள். எட்டாம் நாள் அவர்களை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தாள். சல்வார் கமீஸ், காலில் ஷூ, தலையில் இறுக்கமான கொண்டை. நூலகத்தில் முப்பது வருடம் ‘அமைதி’ என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள், தெருநாய்களே வழி விடுகிற வேகத்தில் ஓடினாள்.

எனக்கு முட்டி ஒத்துழைக்காது. ஆகவே சைக்கிள். கூடையில் தண்ணீர் பாட்டில், துண்டு, இரண்டு வாழைப்பழம். அவள் முன்னால், நான் பின்னால். அந்த நேரத்தில்தான் ஷூ கம்பெனி பஸ்கள் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வரும். ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வருபவர்கள் இவளைப் பார்த்ததும் விழித்துக் கையசைப்பார்கள். தோல் தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்று அடித்தால் மட்டும் அவள் துப்பட்டாவால் மூக்கை மூடுவாள். வேகம் குறையாது.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ஷூ கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்தவர். வாழ்நாள் முழுக்க ஷூவில் குறை கண்டுபிடித்து, குறை உள்ள இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியவர். என் மனைவியை உருது வழக்கப்படி ‘பாபி’, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவார். ஒருநாள் வாசலில் நின்று எங்கள் ஊர்வலத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா சார், பாபிய ஓட வுட்டு பின்னாடியே வர்றீங்க? வேலூர் ஜெயில்ல வார்டன் வேலை எதுனா கெடச்சிதா?”

“பாதுகாப்புக்கு வர்றேன்.”

“யாருக்கு? அவங்க ஓடற ஓட்டத்துக்கு நீங்கதான் தொலஞ்சி பூடுவீங்க.” பிறகு அவள் காலைப் பார்த்தார். “பாபி, வலது ஷூ வெளிப்பக்கமா தேயுது. ரிஜெக்ட்.” மறுநாள் ஏற்றுமதியில் கழித்துவிட்ட ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்தார். தையல் ஒன்று கோணலாம். எங்களுக்குத் தெரியவில்லை. அவர் ஒட்டிய அம்புக்குறி இன்றும் அந்த ஷூவில் இருக்கிறது.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் தை மாதம், வேலூரில் ஒரு நடைப்பயிற்சியாளர் சங்கம் கோட்டையைச் சுற்றி ஓட்டப்போட்டி வைத்தது. அகழியை ஒட்டி இரண்டு சுற்று. என் மனைவி ஐம்பத்தைந்திலிருந்து அறுபத்துநாலு வரையுள்ள பெண்கள் பிரிவில் நான்காவதாக வந்தாள். கோப்பை மூன்று பேருக்குத்தான். அறுபத்தைந்துக்கு மேற்பட்ட பிரிவில் மொத்தமே இரண்டு பேர். அவர்கள் பாதியில் நின்று டீ குடித்துவிட்டு, பேரன் பேத்தி விவரங்களைப் பரிமாறிக்கொண்டு, கைகோத்து நடந்து வந்தார்கள். இரண்டு பேருக்கும் கோப்பை.

பஸ்ஸில் திரும்பும்போது பள்ளிகொண்டா வரைக்கும் அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்.

“எனக்கு இன்னா வயசு?”

“அறுபத்தஞ்சு.”

“அப்பறம் ஏன் நான் சின்னப் பொண்ணுங்களோட ஓடணும்?”

“சான்றிதழ்ல அறுபத்திரெண்டு.”

“இதுவரைக்கும் ஒரு கப்பு நான் கையில வாங்கினதில்லீங்க. ஸ்கூல்ல ஏழாவதுவரைக்கும் ஓடினேன். எட்டாவதுல பெரிய பொண்ணாயிட்டேன்னு உக்கார வெச்சிட்டாங்க. எத்தனையோ பேரோட மனுவைத் திருப்பி அனுப்பினீங்களே, எனக்கு ஒண்ணு எழுதுங்க.”

அடுத்த போட்டி அறிவிப்பு வந்ததும் எழுதினேன். கையெழுத்துப் போட்டது அவள், எழுத்தும் நடையும் என்னுடையவை. ‘பொருள்: வயதுப் பிரிவு மாற்றம் கோருதல், தொடர்பாக.’ ஜாதக நகல், மாமனாரின் குறிப்பு நோட்டுப் பக்கம், இரு தேதிகளும் இடம் மாறியதற்கு ஆதாரமாகத் தங்கையின் சான்றிதழ் நகல். அது எங்கள் வீட்டு அலமாரியில் மாமனாரின் பழைய காகிதங்களோடு கிடந்தது. நான் ஆயுள் முழுக்க நிராகரித்த மனு எப்படி எழுதப்பட்டிருந்தால் என்னாலேயே நிராகரிக்க முடியாதோ, அப்படி எழுதியிருந்தேன். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். அட்டை ஒரு கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை. நினைவூட்டு ஒன்று. நினைவூட்டு இரண்டு. ஒன்றுமில்லை. பதில் சொல்லாமல் இருப்பது எப்படி என்பதில் எனக்கும் அனுபவம் உண்டு. அந்தச் சங்கத்துச் செயலாளர் என்னைவிடத் தேர்ந்தவர் என்று ஒப்புக்கொண்டேன்.

விஷயம் பேரணாம்பட்டுக்குப் போனது. தங்கை ஒரு பையுடன் வந்து இறங்கினாள்.

“அக்காவுக்கு மட்டும் மனு எழுதினீங்களாமே மாமா? அன்னிக்கு எனக்கு ரூல் சொன்னீங்க.”

“இது அரசு வேலை இல்லம்மா. ஓட்டப்போட்டி.”

“அப்ப நானும் ஓடறேன். கவர்மெண்டு கணக்குல எனக்கு அறுபத்தாறு. பெரியவங்க லிஸ்ட்ல போடுங்க. இதுக்கு எதுனா விதி குறுக்க வருதா?”

யோசித்துப் பார்த்தேன். எல்லா விதிகளும் அவள் பக்கமே நின்றன.

மனைவி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, “அவ பஸ் ஸ்டாண்டுக்கே ஷேர் ஆட்டோவுல போறவ. எங்க ஓடப் போறா?” என்றாள். ஆனால் மறுநாள் காலை அவளை எழுப்பியது யார்? அக்காதான். ஓடத் தெரியாமல் ஒருத்தி ஓடுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

“அக்கா, இன்னும் எவ்ளோ தூரம்?”

“பேசாம ஓடு.”

“பேசலன்னா மூச்சு வுட மறந்துடறேன்.”

“கைய ஏன் வீசற? போர்டுல எழுதறியா?”

“நிப்பாட்டிட்டாங்களே, எங்க எழுதறது?”

இப்படியே ஒரு மாதம். பக்கத்து வீட்டுக்காரர் தங்கையின் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, “சார், இவங்களுக்கு எங்க ஸ்டிக்கர் ஒட்றதுன்னே தெரியல, ஜாஸ்தி இருக்கு” என்றார். மூன்றாம் வாரம் அவரே, “பரவால்ல, கம்மியாயிட்டுது” என்று சான்றளித்தார்.

போட்டி நாளன்று முதல் பஸ்ஸில் வேலூர் போனோம். பதிவு மேசையில் இருந்தவர் தங்கையின் சான்றிதழைப் பார்த்தார், எண்ணைக் கொடுத்தார். என் மனைவியின் மனுவைப் பற்றிக் கேட்டேன். “எந்த மனு சார்?” என்றார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவள் என் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்காத குறையாக, “வுடுங்க. எந்த லிஸ்ட்ல இருந்தாலும் அதே கோட்டைதான்” என்று சொல்லிவிட்டுப் போய் நின்றாள்.

ஐந்தாவதாக வந்தாள். இந்த முறை ஷூ கம்பெனிகளிலிருந்து புதிதாக ஓய்வு பெற்ற சிலர் வந்திருந்தார்கள். நாள் முழுக்க நின்றே வேலை செய்து பழகிய கால்கள் அவை. தங்கை அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்களில் நான்கு பேரில் முதலாவது. மேடையில் கோப்பையைக் கொடுத்து, ஆரோக்கியத்தின் ரகசியம் என்ன என்று மைக்கை நீட்டினார்கள்.

“என்னை மூணு வருஷம் முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதனால களைப்பு கம்மி” என்றாள்.

கூட்டம் புரியாமல் சிரித்தது. புரிந்து சிரித்தது மூன்றாவது வரிசையில் என் மனைவி மட்டும்தான். நான் ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். அன்று நான் போட்டிருந்தது செருப்பு.

பஸ்ஸில் ஏறியதும் என் மனைவி முதல் வேலையாக, “மூணாவது நினைவூட்டு போடுங்க. அடுத்த வருஷத்துக்காவது ஆவும்” என்றாள்.

மூன்றாம் நினைவூட்டு எழுத மனுவின் நகலை எடுத்து விரித்தபோதுதான் பார்த்தேன். நான்காம் பத்தியில், என் கைப்பட: ‘மேற்படி இரு தேதிகளும் சகோதரிகளுக்கிடையே இடம் மாறியுள்ளன.’ அப்படியானால் அக்காவுக்கு மூன்று வயது கூடும்போது தங்கைக்கு மூன்று வயது குறையும். அவள் அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர் அல்ல. கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆதாரமும் நானே இணைத்திருக்கிறேன், சான்றொப்பத்தோடு. அடுத்தவர் மனுவில் இந்த மாதிரி ஓட்டையை முதல் வாசிப்பிலேயே பிடித்தவன் நான்.

இரண்டு நாள் மனைவியிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இருவரும் பேரணாம்பட்டுக்குப் போனோம். கோப்பை வீட்டில் இல்லை. பள்ளியில் இருந்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்தத் தெருவழியாகவே போகாதவள், கோப்பையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். இப்போதைய தலைமையாசிரியை அதைத் தன் மேசையில் வைத்து, காலை வணக்கக் கூட்டத்தில் இவளைப் பேசச் சொல்லியிருக்கிறார். வாரம் இரண்டு நாள் வந்து பெண் பிள்ளைகளை ஓட வைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

“எட்டாவது பசங்க எல்லாம் வர்றாங்கக்கா. ஒருத்தியையும் உக்கார வெக்கல” என்று சொல்லிக்கொண்டே எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். ஒரு டம்ளர்தான். அதைச் சொல்லியாக வேண்டும்.

திரும்பும் வழியில் மனைவியிடம் நான்காம் பத்தியைப் பற்றிச் சொன்னேன்.

“அவங்க பதில் போட்டா அவகிட்ட கப்பைக் கேப்பாங்களா?”

“விதிப்படி கேக்கணும்.”

“வாபஸ் வாங்குங்க.”

“அப்புறம் உனக்கு?”

“அஞ்சாவதா வந்தவளுக்கு இன்னா கப்பு? இன்னும் கொஞ்சம் வேகமா ஓடணும். இதுக்கு மனு வேற.”

மனுவைத் திரும்பப் பெறவும் மனு போட வேண்டும். போட்டேன். பார்வை ஒன்று, பார்வை இரண்டு, பார்வை மூன்று என்று எல்லாவற்றையும் குறிப்பிட்டு, அவை எதையும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அலுவலகம் தூங்க வேண்டும் என்று வேண்டினேன். தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே வாசலுக்குப் போய் நின்றேன். அவர் வருவதற்கு முன்பே சைக்கிளில் தபால் நிலையத்துக்குப் போய் விசாரிக்க ஆரம்பித்தேன். என் முட்டிக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார்.

கடைசியில் உறை வந்தது. மனைவி ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டே, “படிங்க” என்றாள்.

‘அம்மையீர், தாங்கள் திரும்பப் பெறக் கோரும் மனுவோ, அதன் மீதான நினைவூட்டுகளோ இச்சங்கத்தில் பெறப்பட்டதாகப் பதிவேடுகளில் இல்லை. எனவே நடவடிக்கை ஏதும் தேவைப்படவில்லை.’

கையெழுத்துள்ள ஒப்புகை அட்டை மேசை இழுப்பறையிலேயே இருக்கிறது. பழைய ஆளாக இருந்தால் அதன் நகலை இணைத்து அன்று மாலையே மறுப்பு அனுப்பியிருப்பேன். கை இழுப்பறையின் பிடிவரை போனது.

“மேல எதுவும் எழுதாதீங்க” என்றாள். எழுந்து வாசலைத் தாண்டி ஓட ஆரம்பித்துவிட்டாள்.

உறையை அவசரமாகக் கோப்பில் வைத்தேன். பழக்கத்தை விட முடியாமல் ஓரத்தில் ஒன்று மட்டும் குறித்தேன். பெறப்பட்ட நாள்: ஏப்ரல் 17.